ஸ்டீயரிங்கில் ‘டொக்’ சத்தம்: பாக்ஸில் கை வைக்கும் முன் ஷாஃப்டைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: பத்து வருடம் ஓடிய பிக்கப். மெதுவாகப் போய்த் திரும்பும்போதும், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறி இறங்கும்போதும் காலடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கும் அந்த இடி தெரிகிறது. ஒரு மெக்கானிக் டை ராடு எண்டுகளை (சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளின் முனை மூட்டுகள்) மாற்றிக் கொடுத்தார், சத்தம் அப்படியே இருக்கிறது. இன்னொருவர் ஸ்டீயரிங் பாக்ஸ் (வீலின் சுழற்சியைச் சக்கரம் திருப்பும் அசைவாக மாற்றும் கியர் பெட்டி) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். ஆனால் ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் ஒன்றும் பெரிதாக இல்லை. வீலிலிருந்து பாக்ஸுக்குப் போகும் ஷாஃப்டாக இருக்குமா, இருந்தால் நாமே மாற்றலாமா?

ஷாஃப்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படிச் சொல்ல வைப்பது உங்கள் கேள்வியில் இருக்கும் ஒரு வரிதான்: ஆட்டம் இல்லை, ஆனால் இடி கைக்குத் தெரிகிறது. பாக்ஸோ டை ராடோ தேய்ந்திருந்தால் முதலில் ஆட்டம் வரும், சத்தம் அதற்குப் பிறகுதான். இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. அது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிக்கப்பில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கேபின் வேறு, கீழே இருக்கும் சேசிஸ் வேறு. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் மவுன்ட்டுகள். ஸ்டீயரிங் வீலும், அதைத் தாங்கும் தண்டான ஸ்டீயரிங் காலமும் (column) கேபினோடு சேர்ந்தவை. பாக்ஸ் சேசிஸில் போல்ட் போட்டு நிற்கிறது. வண்டி முறுக்கிக்கொண்டு ஒரு பள்ளத்தைக் கடக்கும்போது கேபின் ஒரு பக்கம் அசையும், சேசிஸ் இன்னொரு பக்கம் அசையும். இந்த இரண்டையும் இணைப்பது, கேபினையும் என்ஜின் அறையையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டுக்கு முன்னால் இருக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்ற ஒரு கம்பி. அது சுழற்சியையும் கடத்த வேண்டும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் சில மில்லிமீட்டர் நீண்டு சுருங்கவும் வேண்டும். அதனால்தான் அது ஒற்றைக் கம்பியாக இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டுகளாக இருக்கிறது. இதை ஸ்லிப் ஜாயின்ட் என்பார்கள். மோதலில் ஸ்டீயரிங் காலம் ஓட்டுநரின் நெஞ்சுக்கு வராமல் மடங்கிக்கொள்வதற்கும் இந்த நுழைவு உதவுகிறது.

அந்த நுழைவின் உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்து, தூசியும் தண்ணீரும் போய், நைலான் பூச்சும் தேய்ந்துவிட்டால் ஷாஃப்ட் வழுக்கி நகராது. சிக்கிய மேசை இழுப்பறை மாதிரி, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்று, அழுத்தம் ஏறியதும் சட்டென்று ஒரு மில்லிமீட்டர் குதிக்கும். அந்தக் குதிப்புதான் ‘டொக்’. இது நீளவாக்கில் நடக்கும் அசைவு, சுழற்சியில் இல்லை. அதனால் வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்டினால் ஒன்றும் தெரியாது. மெக்கானிக் ஆட்டிப் பார்த்துவிட்டு ‘இது நல்லா இருக்கு’ என்று ஷாஃப்டைத் தள்ளிவிடுவதும், அடுத்து விலை கூடிய பொருளுக்குப் போவதும் இப்படித்தான் நடக்கிறது. 1999-க்குப் பிறகு வந்த ஷெவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா பிக்கப்களில் இந்தச் சத்தம் பெயர்போனது. தயாரித்த நிறுவனமே முதலில் ஷாஃப்டைக் கழற்றி உள்ளே கிரீஸ் ஏற்றச் சொல்லி ஒர்க்‌ஷாப்களுக்குக் குறிப்பு அனுப்பியது. பிறகு வடிவம் மாற்றிய ஷாஃப்டைக் கொடுத்தது.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டீயரிங் வீலின் விட்டம் 380 மில்லிமீட்டர் என்றால், ஒரு டிகிரி ஆட்டம் வளையத்தில் சுமார் 3.3 மில்லிமீட்டராகத் தெரியும். ஷாஃப்டில் 2 டிகிரி தேய்மானம் இருந்தால் வீலில் 7 மில்லிமீட்டர்கூட வராது. பாக்ஸுக்குக் கீழே கதை வேறு. பாக்ஸின் விகிதம் 16-க்கு 1, பாக்ஸிலிருந்து வெளியே வந்து டை ராடுகளை அசைக்கும் கையான பிட்மேன் ஆர்மின் நீளம் 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டை ராடில் வெறும் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலே ஆர்மில் 0.38 டிகிரி, வீலில் 6 டிகிரி, வளையத்தில் 20 மில்லிமீட்டர். கீழே உள்ள சின்ன ஆட்டம் பெருகி வருகிறது, ஷாஃப்டின் ஆட்டம் பெருகாமல் அப்படியே வருகிறது. ஆகவே ஸ்டீயரிங் தொளதொளவென்று இருக்கிறது, சத்தம் இல்லை என்றால் முதலில் கீழே பாருங்கள். இறுக்கமாக இருக்கிறது, ஆனால் இடிக்கிறது என்றால் ஷாஃப்டுக்குப் போங்கள். விதிவிலக்கு உண்டு, ஆனாலும் தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இனி சோதனை. உதவிக்கு ஒருவர் வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். முன்சக்கரங்கள் தரையில்தான் இருக்க வேண்டும். தூக்கிவிட்டால் பாரம் போய்விடும், தேய்மானமும் ஒளிந்துகொள்ளும். என்ஜின் ஐடிலில் ஓடட்டும். சட்டைக் கை, கயிறு, தொங்கும் விளக்கு எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

என்ஜினை ஓட விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் பாக்ஸின் உள்ளே நுழையும் ஷாஃப்டுக்கும் வார்ம் என்ற திருகுப் பல்லுக்கும் நடுவில் டார்ஷன் பார் என்ற மெல்லிய கம்பி இருக்கிறது. அது முறுக்கிக்கொள்ளும் அளவை வைத்துத்தான் வால்வு எண்ணெயைத் திருப்பிவிடுகிறது. என்ஜின் நின்றிருக்கும்போது ஸ்டீயரிங்கை ஆட்டினால், பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் சில டிகிரி திரும்பும், பிட்மேன் ஆர்ம் அசையாது. அது வால்வின் இயல்பான நகர்வு, தேய்மானம் அல்ல. இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் நல்ல பாக்ஸைக் கழற்றுகிறார்கள். உங்கள் மெக்கானிக்கும் என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்தாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

உதவியாளர் ஸ்டீயரிங்கைக் கடிகாரத்தில் 11-க்கும் 1-க்கும் நடுவில் நிதானமாக ஆட்டட்டும். நீங்கள் பானெட்டைத் திறந்து, அல்லது வண்டியின் அமைப்பைப் பொறுத்து முன்சக்கர இடைவெளி வழியாக, ஷாஃப்டைக் கையால் பிடியுங்கள். ஷாஃப்டின் முனையில் கோணத்தில் வளைந்தபடி சுழல விடும் மூட்டுதான் யூ-ஜாயின்ட்; கவட்டை மாதிரி இரண்டு யோக்குகளும் அவற்றை இணைக்கும் சிலுவை வடிவக் கிராஸும் அதில் இருக்கும். அதன் மேல் யோக்கில் கட்டை விரலும் கீழ் யோக்கில் ஆள்காட்டி விரலும் இருக்கும்படி குறுக்காகப் பிடிப்பதுதான் இதில் உள்ள கைப்பக்குவம். ஜாயின்ட் நன்றாக இருந்தால் இரண்டு விரலும் ஒன்றாகவே திரும்பும். நடுவில் இருக்கும் கிராஸ் தேய்ந்திருந்தால் ஒரு விரல் முந்தும், மற்றது தாமதித்து ஒரு சின்னத் தட்டலோடு பின்தொடரும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். மேல் ஜாயின்ட், ஸ்லிப், கீழ் ஜாயின்ட் என்று மூன்று இடத்திலும் இப்படியே பாருங்கள். யோக்கைத் தண்டின் மேல் இறுக்கிப் பிடிக்கும் பின்ச் போல்ட் இருக்கும் இடத்தையும் விடாதீர்கள். ஷாஃப்ட் புதிதாக இருந்தும் அந்த போல்ட் தளர்ந்திருந்தால் இதே இடிதான் வரும், ஆபத்தோ பல மடங்கு.

ஸ்லிப் ஜாயின்ட்டுக்குத் தனிச் சோதனை. என்ஜினை நிறுத்திவிட்டு ஷாஃப்டின் நடுப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். உள்துண்டு வெளித்துண்டுக்குள் கடகடவென ஆடினால் தேய்ந்துவிட்டது. அசையவே மாட்டேன் என்றால் துருப் பிடித்து இறுகியிருக்கலாம். உங்கள் வண்டியில் இரண்டாவதைத்தான் எதிர்பார்க்கிறேன். உறுதி செய்ய ஒரு வழி: ஸ்லிப் மேலிருக்கும் ரப்பர் உறையை நகர்த்தி, ஊடுருவும் எண்ணெயைக் கொஞ்சம் தெளித்து, சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் குறைந்தாலோ மறைந்தாலோ குற்றவாளி அகப்பட்டுக்கொண்டான். இது சோதனைக்கு மட்டும். அந்த எண்ணெய் மிச்சமிருக்கும் கிரீஸையும் கழுவிவிடும்.

சில வண்டிகளில் கீழ்முனையில் யூ-ஜாயின்ட்டுக்குப் பதிலாக ரப்பரும் துணியும் கலந்த வட்டத் தகடு இருக்கும், ராக் ஜாயின்ட் என்பார்கள். பவர் ஸ்டீயரிங் எண்ணெய் கசிந்து அதில் ஊறினால் ஊதி மெத்தென்று ஆகிவிடும், ஓட்டும்போது ஸ்டீயரிங் ஒரு நொடி யோசித்துத் திரும்புவதுபோல் இருக்கும். தகட்டின் விளிம்பில் வெடிப்பு, அதில் குத்தியிருக்கும் இரும்புப் பின்களைச் சுற்றிக் கிழிசல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். தகடு முழுதாகக் கிழிந்தாலும் பின்கள் தட்டி ஸ்டீயரிங்கைத் திருப்பும்படி பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். அதை நம்பி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஷாஃப்டின் மேல் பழி போடுவதற்கு முன் பாக்ஸ் சேசிஸில் உட்காரும் இடத்தை ஒரு முறை பாருங்கள். உதவியாளர் ஆட்டும்போது பாக்ஸும் சேசிஸும் சேரும் கோட்டில் விரலை வையுங்கள். அங்கே அசைவு இருந்தால், அல்லது போல்ட் தலையைச் சுற்றித் துருப்பொடி உதிர்ந்து பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தால், போல்ட் தளர்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் வீலையே மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள், அது ஆடினால் காலத்தின் பேரிங். ஸ்டீயரிங்கை நேராக வைத்திருக்கும்போதும் அதே சத்தம் வருகிறது, கைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட், கேபின் மவுன்ட் பக்கம் போங்கள். வண்டி ஒரு பக்கம் இழுப்பது, டயர் ஒரு ஓரம் தேய்வது, வேகத்தில் வீல் நடுங்குவது, இவற்றுக்கெல்லாம் ஷாஃப்டைக் குறை சொல்ல முடியாது.

தேய்ந்த ஜாயின்ட்டைவிட நான் அதிகம் பயப்படுவது இறுகிய ஜாயின்ட்டுக்கு. யூ-ஜாயின்ட் ஒன்றின் பேரிங் காய்ந்துவிட்டால் சத்தம் வராது. ஸ்டீயரிங் ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் கனத்து, இரண்டு இடத்தில் இலகுவாகும். திருப்பத்துக்குப் பிறகு தானாக நேருக்கு வராது. பவர் ஸ்டீயரிங் பம்ப் பலவீனம் என்று நினைத்து எண்ணெயை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பம்ப் பலவீனமானால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கனக்கும். அரைச் சுற்றுக்கு ஒரு முறை கனத்தால் ஜாயின்ட்தான். அந்த வண்டியை ஓட்ட வேண்டாம். ஜாயின்ட்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம், தளர்ந்த பின்ச் போல்ட், கிழிந்த ராக் ஜாயின்ட், இவற்றுக்கும் அதே பதில்தான். ஸ்லிப்பில் வரும் வெறும் ‘டொக்’ என்றால் புதிய ஷாஃப்ட் வரும்வரை பதறாமல் ஓட்டலாம்.

கிரீஸ் ஏற்றினால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். பூச்சு நன்றாக இருந்து காய்ந்து மட்டும் போயிருந்தால் கொஞ்ச காலம் அமைதி கிடைக்கும். பூச்சே தேய்ந்திருந்தால் கிரீஸ் மறைந்ததும் சத்தம் திரும்ப வரும். கழற்றும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால், கையில் வந்துவிட்ட ஷாஃப்டுக்கு கிரீஸ் போட்டுத் திரும்ப மாட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெல்டிங் வைத்து ஆட்டத்தை அடைப்பதைப் பற்றி யாராவது யோசனை சொன்னால் அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஸ்லிப்பை ஒட்டினால் மோதலில் அது மடங்காது. வெல்டின் சூடு பட்ட இரும்பு எந்தத் திருப்பத்தில் முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புதியது வாங்கும்போது பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முழுதாகச் சுருக்கிய நீளம், முழுதாக இழுத்த நீளம், இரண்டு முனையின் வடிவம், அதாவது ஸ்பிளைன் பற்களா, இரண்டு பக்கம் தட்டையா, ஒரு பக்கம் மட்டும் தட்டையா, பற்களின் எண்ணிக்கை, போல்ட் துளையின் இடம் எல்லாம் பொருந்த வேண்டும். பாடியையோ சஸ்பென்ஷனையோ உயர்த்திய வண்டி என்றால் கம்பெனி நீளம் போதாமல் போகலாம், ஜாயின்ட்டின் கோணமும் கூடியிருக்கும். ஒற்றை யூ-ஜாயின்ட் 30 டிகிரி வளைந்து சுழன்றால் ஒரு சுற்றுக்குள் அதன் வேகம் 0.87 மடங்கிலிருந்து 1.15 மடங்கு வரை ஏறி இறங்கும். இரண்டாவது ஜாயின்ட் இந்த ஏற்ற இறக்கத்தை ஈடுகட்டத்தான் இருக்கிறது. துண்டுகளைப் பிரித்து மாற்றிச் சொருகி, இரண்டு யோக்கும் கம்பெனி வைத்த திசையிலிருந்து விலகினால் ஈடுகட்டுவதற்குப் பதில் இரட்டிப்பாகவும் கூடும். புதிய ஷாஃப்டையும் அதனால் விளையாட்டுக்காகப் பிரித்துப் பார்க்காதீர்கள். நீடில் பேரிங் ஜாயின்ட் போட்ட கனமான மாற்று ஷாஃப்டுகள் கிடைக்கின்றன. நல்லவைதான், ஆனால் அவையும் நீண்டு சுருங்க வேண்டும். இழுத்தால் நகராத ஷாஃப்டை வாங்காதீர்கள்.

மாற்றும் வேலை கடினமில்லை, கவனம் வேண்டும், அவ்வளவுதான். சக்கரங்களை நேராக வைத்து ஸ்டீயரிங்கும் நேராக இருப்பதைப் பாருங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். சாவியை எடுத்து ஸ்டீயரிங் லாக் விழச் செய்யுங்கள். அதோடு நிற்காமல் சீட் பெல்ட்டை வீலின் உள்ளே நுழைத்துப் பூட்டி, வீல் அசையாதபடி கட்டுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்டீயரிங் வீலுக்குப் பின்னால் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா இருக்கிறது, கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். ஷாஃப்ட் கழன்ற நிலையில் வீலை யாராவது நாலு சுற்றுச் சுற்றினால் அந்த நாடா அறுந்துவிடும். முழுதாக ஒரு சுற்று நகர்ந்தால்கூட, மாட்டிய பிறகு ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது அறுந்துவிடலாம். ஏர்பேக் விளக்கு எரியும், ஹாரன் ஊமையாகும், ஷாஃப்டோடு இன்னொரு பொருளையும் வாங்க வேண்டிவரும்.

கழற்றும் முன் காலம் ஷாஃப்டிலும் மேல் யோக்கிலும் சேர்த்து ஒரே நேர்க்கோடாகப் பெயின்ட் அடையாளம் போடுங்கள். கீழே பாக்ஸின் ஷாஃப்டிலும் யோக்கிலும் அப்படியே. பின்ச் போல்டுகளுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். தீ காட்ட வேண்டாம், பக்கத்தில் ரப்பர் ஹோஸ்களில் எண்ணெய் இருக்கிறது. போல்டைத் தளர்த்தினால் போதாது, முழுதாக வெளியே எடுக்க வேண்டும். அது ஷாஃப்டில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் குறுக்காகப் போகிறது, அது இருக்கும்வரை யோக் நகராது. இது தெரியாமல் அடித்து இழுத்து யோக்கை நாசம் செய்தவர்கள் நிறைய.

போல்ட் வந்த பிறகும் யோக் அசையவில்லை என்றால் அதன் பிளவில் தட்டையான உளியைச் சொருகி ஒரு மயிரிழை விரியுங்கள். ஷாஃப்டின் முனையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். அந்த அடி நேராக பாக்ஸின் பேரிங்குக்கும் வால்வுக்கும், மேலே காலத்தின் உள்பாகங்களுக்கும் போகும். ஷாஃப்டைச் சுருக்கி ஒரு முனையை விடுவித்து, பிறகு மற்றதை உருவலாம். ஸ்லிப் இறுகிப்போய்ச் சுருங்கவே மாட்டேன் என்றால், டேஷ்போர்டின் கீழ் காலத்தைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, காலத்தைச் சற்றுக் கீழே இறக்கி இடம் எடுக்க வேண்டியிருக்கும்.

மாட்டும்போது ஸ்பிளைன்களை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு வராமல் மெல்லியதாக ஏதாவது பூசுங்கள். அடையாளம் நேராக வரும்படி நுழையுங்கள். 36 பல் இருக்கும் முனையில் ஒரு பல் தவறினால் ஸ்டீயரிங் 10 டிகிரி கோணலாக நிற்கும். அதை டை ராடைத் திருகி நேராக்கிவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். பாக்ஸின் நடுப்புள்ளி, கிளாக் ஸ்பிரிங்கின் நடுப்புள்ளி, சென்சார் இருந்தால் அதன் நடுப்புள்ளி எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றன. கழற்றிச் சரியான பல்லில் மாட்டுவதுதான் ஒரே வழி.

யோக் போதுமான ஆழம் போயிருக்கிறதா என்று போல்ட் துளை வழியாக விளக்கு அடித்துப் பாருங்கள். துளையின் நேராக ஷாஃப்டின் பள்ளம் தெரிய வேண்டும். போல்ட் கையாலேயே சுகமாக உள்ளே போக வேண்டும். இடித்துத்தான் போகிறது என்றால் ஆழம் போதவில்லை. பள்ளத்தில் உட்காராத போல்டை எவ்வளவு இறுக்கினாலும் யோக் ஒரு நாள் வழுக்கி வெளியே வரலாம். புதிய போல்ட் போடுங்கள், பழையதில் திரெட் லாக் பூச்சு போயிருக்கும். டார்க் ரெஞ்ச் கட்டாயம். பல பிக்கப்களில் 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் வரும், ஆனால் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணையே வையுங்கள்.

பேட்டரியை இணைத்து, என்ஜினை ஓடவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிதானமாகத் திருப்புங்கள். ஷாஃப்ட் சைலன்சர் மேனிஃபோல்டிலோ ஹோஸிலோ பிரேக் குழாயிலோ உரசக் கூடாது. இலகு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஸ்டீயரிங் கோண சென்சார் உள்ள வண்டி என்றால் ஸ்கேனரால் நடுப்புள்ளி பதிய வேண்டியிருக்கலாம், ஸ்டெபிலிட்டி விளக்கு எரிந்தால் அதைத்தான் கேட்கிறது என்று அர்த்தம். முதலில் காலியிடத்தில் மெதுவாக ஓட்டி, பிறகு அந்தப் பழைய மேட்டில் ஒரு பக்கச் சக்கரத்தை ஏற்றி இறக்குங்கள். இறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து யோக்வரை ஒரு பெயின்ட் கோடு இழுத்து வையுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பானெட்டைத் திறந்தால், கோடு உடைந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். உடைந்திருந்தால் திரும்ப இறுக்கிவிட்டு ஓட்டாதீர்கள், போல்ட் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.